சோதித்தறியும் கல்வி

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது என்பது நம் நாட்டிற் பண்டுதொட்டு வழங்கிவரும் பழமொழி. பழம் முதிர்ந்திருந்தது, காம்பு தளர்ந்திருந்தது, காக்கை வந்தமர்ந்த வேளையும் பழம் வீழ்ந்த வேளையும் ஒன்றாயின. கண்டவன், காக்கையே பழத்தை வீழ்த்திற்று என்று துணிந்தான். இப்பழமொழியை நாம் நகைச்சுவைக்காக வழங்குகின்றோமேயன்றி, அதனுள் அடங்கிய எச்சரிக்கையை ஓர்ந்து பார்ப்பார் மிகச் சிலரே. ஒன்றன்பின் ஒன்று நிகழுமாயின் முன்னது காரணம், பின்னது காரியம் என்று கொள்வது மனித மனத்தின் இயல்பு. அவ்வியல்பைத் தடுத்து நிறுத்தி, ‘காக்கை வாராதிருந்தாற் பழம் வீழ்ந்திராதோ?’ என்று வினவுவது பயிற்சியினால் வருவது. அப்பயிற்சிக்கே விஞ்ஞான முறை என்று பெயர்.

இம்முறை விஞ்ஞான வகுப்பினர்க்கே உரியதென்பது மாணவர் பலர் கொண்டுள்ள எண்ணம். கண்ணாடிக் குழாயும் தராசும் திராவகப் புட்டியும் நிறைந்த சோதனைச்சாலையின் வழியே இலக்கியம் பயில்வோர் நடந்து செல்வரேயன்றி உட்புகார். உட்புகுந்து பயில்வோரிலும் சிலர், பாடநூல் முன்னரே கூறிவிட்ட விடை வருமாறு கணக்கைத் திருத்தி எழுதிச் சோதனை முடிந்ததென்பர். இவ்விரு திறத்தாரும் இழப்பது ஒன்றே. விஞ்ஞான முறை கருவிகளில் இல்லை. நாம் விரும்பும் விடைக்கு மாறான விடையை இயற்கை கூறுதற்கும் இடம் வைத்து வினவுகின்ற நேர்மையே அம்முறையின் உயிர். அந்நேர்மை தமிழ் பயில்வோர்க்கும் வேண்டும்; சமய உணர்வுடையார்க்கும் வேண்டும். ஆதலின் கலைப்பிரிவு மாணவர் ஒவ்வொருவரும் கல்லூரியை விட்டு நீங்குமுன் ஒரு சோதனையையேனும் தாமே வகுத்து நடத்திப் பார்த்தல் வேண்டுமென்பது எம் கருத்து. அதனை வற்புறுத்துதற்கே இக்கட்டுரை எழுந்தது.

அளவை நூல் தமிழர்க்குப் புதியதன்று. மணிமேகலையில் சமயக்கணக்கர்தம் திறங்கேட்ட காதை பத்து அளவைகளை எண்ணிக் கூறுகின்றது. தவத்திறம் பூண்டு தருமங்கேட்ட காதையோ காட்சியும் கருத்தும் என்னும் இரண்டையே கொண்டு, பக்கப்போலி, ஏதுப்போலி, எடுத்துக்காட்டுப் போலி எனத் தவறான வாதங்களை வகை வகையாகப் பிரித்துக் காட்டுகின்றது. இத்துணை நுட்பமாக ஆராய்ந்த முன்னோரை உடைய நாம், விஞ்ஞான முறையை அயலார் பொருளென்று அஞ்ச வேண்டுவதில்லை. ஆயினும் இரண்டிற்கும் ஒரு வேற்றுமை உண்டு. கிடைத்த காட்சியினின்று எவ்வாறு முடிவு காண்பதென்று அளவை நூல் கற்பிக்கும். தக்க காட்சி கிடைக்குமாறு நிகழ்ச்சியையே அமைத்துக்கொள்ள விஞ்ஞான முறை கற்பிக்கும். வீழ்ந்த ஒரு பழத்தை நடுவே வைத்துக்கொண்டு வாதிடுவது முன்னது; நூறு மரங்களுள் ஐம்பதிற் காக்கையை அமரவிட்டு, ஐம்பதிற் காக்கையை ஓட்டிவிட்டு, இரண்டிடத்தும் வீழ்ந்த பழங்களை எண்ணிப் பார்ப்பது பின்னது.

இம்முறையின் முதற்படி, வியப்பை ஒரு வினாவாக்குதல். இரண்டாம் படி, அவ்வினாவிற்கு விடையாகக் கூடிய கருதுகோளை அமைத்தல். மூன்றாம் படி, அக்கருதுகோள் மெய்யாயின் இன்னது நிகழ வேண்டும் என்று முன்கூட்டியே கூறி, அது நிகழ்கின்றதா என்று பார்த்தல். நிகழாவிடின் கருதுகோளைக் கைவிடுதல் வேண்டும். சொல்லுதற்கு எளிய இப்படிகள் நடத்தற்கு எத்துணை அரியவை என்பதை வியன்னா நகரத்து வரலாறு ஒன்று காட்டும்.

அந்நகரத்துப் பொது மருத்துவமனையிற் பிள்ளைப்பேற்றிற்கென இரண்டு பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவ மாணவரும், இரண்டாம் பிரிவில் மருத்துவச்சியரும் பயின்றனர். 1846-ஆம் ஆண்டில் முதற்பிரிவிற் சேர்ந்த தாய்மாருள் நூற்றுக்கு 11-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இரண்டாம் பிரிவில் நூற்றுக்கு 3-க்குங் குறைவு. கொன்றது பிரசவ ஜுரம். ஒரே கூரையின்கீழ் இவ்வேற்றுமை ஏன் என்று வினவினார் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர். இடநெருக்கம் காரணம் என்றனர் சிலர். பார்த்தபோது நெருக்கம் இரண்டாம் பிரிவிலேயே மிகுதி. மரணத் தறுவாயில் இருப்போர்க்கு நற்கருணை அளிக்கவரும் குருவானவர் முதற்பிரிவின் ஊடே மணியொலியோடு செல்வதால் தாய்மார் அஞ்சி நோயுறுகின்றனர் என்றனர் வேறு சிலர். செம்மல்வைஸ் அவரை மணியின்றி வேறு வழியாகச் செல்லுமாறு வேண்டிக்கொண்டார், சாவு குறையவில்லை. தாய்மார் படுக்கும் நிலை காரணமோ என்று அதனை மாற்றினார், அப்போதும் குறையவில்லை. ஒவ்வொரு கருதுகோளையும் அவர் வாதத்தாற் கொல்லவில்லை. செய்து பார்த்துக் கைவிட்டார்.

1847-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அவர் நண்பராகிய மருத்துவர் ஒருவர், பிணச் சோதனையின்போது கத்திமுனை பட்டு, அத்தாய்மார் கண்ட நோயையே ஒத்த நோயால் மாண்டார். பிணச் சோதனை செய்த கையோடு மாணவர் முதற்பிரிவிற்கு வருவதை எண்ணிய செம்மல்வைஸ், பிணத்தின் நுண்பொருளே கைவழியாகச் செல்கின்றதெனக் கருதினார். அஃது உண்மையாயின் கையைத் தூய்மை செய்தாற் சாவு குறைய வேண்டும். மே மாதம் முதற்கொண்டு குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவியே உட்புகுதல் வேண்டுமென்று விதித்தார். ஏப்பிரலில் நூற்றுக்கு 18-ஆக இருந்த சாவு சூனில் 2-ஆகவும், சூலையில் அதனினுங் குறைந்தும் போயிற்று. மருத்துவர் கையே கொலைக் கருவியாய் இருந்ததென்பதை ஏற்க மருத்துவப் பெரியார் பலர் உடன்படவில்லை. அவர் 1865-இல் ஒரு மனநோய் விடுதியில் மாண்டார். கொல்வது பிணத்தின் துகளன்று, கிருமியே என்பது பின்னரே தெளிவாயிற்று. அவர் கூறிய காரணம் முற்றும் சரியன்றாயினும், அவர் வினவிய முறை சரியாதலின் உயிர்கள் பிழைத்தன.

செம்மல்வைஸுக்கு இரண்டு பிரிவுகள் தாமே வாய்த்திருந்தன. அவ்வாறு வாயாதவிடத்து ஒப்பிடுதற்குரிய கூட்டங்களை நாமே அமைத்தல் வேண்டும். இதனை அவர்க்கு 100 ஆண்டுகட்கு முன்னரே செய்து காட்டினார் ஜேம்ஸ் லிண்ட் என்னும் பிரிட்டிஷ் கப்பற்படை மருத்துவர். அக்காலத்து நெடுங்கடலோடிகளை ஸ்கர்வி என்னும் நோய் வாட்டிற்று. பல்லீறு வீங்கும், குருதி கசியும், கால்கள் தளரும், முடிவு மரணம். மருந்தென்று கூறப்பட்டவை பல. 1747-ஆம் ஆண்டு மே மாதத்தில் ‘சாலிஸ்பரி’ என்னும் கப்பலில் லிண்ட், இயன்றவரை ஒரே நிலையில் இருந்த 12 நோயாளரைத் தெரிந்தெடுத்து, ஓரிடத்திற் படுக்கவைத்து, ஒரே உணவை அளித்தார். இருவர் இருவராக ஆறு கூறாக்கி, ஒரு கூற்றினர்க்கு ஆப்பிள் மது, ஒரு கூற்றினர்க்குக் கந்தகத் திராவக நீர், ஒரு கூற்றினர்க்குக் காடி, ஒரு கூற்றினர்க்குக் கடல்நீர், ஒரு கூற்றினர்க்குப் பூண்டும் கடுகும் சேர்ந்த இலேகியம், எஞ்சிய இருவர்க்கு நாடோறும் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் என ஏற்படுத்தினார். ஆறு நாளிற் பழம் தீர்ந்துவிட்டது. அதற்குள் அவ்விருவருள் ஒருவர் வேலைக்குத் திரும்பும் நிலையை எய்தினார்.

இதன்கண் உள்ள நுட்பம் என்னை? மருந்து ஒன்றைத் தவிர ஏனைய யாவும் ஒத்திருக்குமாறு செய்ததே நுட்பம். இடம் ஒன்று, உணவு ஒன்று, நோயின் அளவு ஒன்று. ஆதலின் பயனில் வேற்றுமை தோன்றுமாயின் அதனை மருந்தின்மேல் ஏற்றுதல் முறையாகும். எலுமிச்சையில் உள்ள வைட்டமின் சி இன்னதென்று அறியப்பட்டது 1930-களில் ஆகும். காரணப்பொருள் தெரியாத காலத்தும் நல்ல சோதனை நல்ல விடையைத் தரும் என்பது இதனாற் பெறப்படும். ஆயினும் லிண்டின் கதை முழுதும் வெற்றிக்கதை அன்று. 1753-இல் அவர் நூல் வெளிவந்தும், எலுமிச்சைச் சாற்றைக் கப்பல்கட்கு வழங்கும் ஆணை 1795-இல்தான் பிறந்தது. இடைப்பட்ட 42 ஆண்டுகளில் மாண்ட மாலுமிகள் எத்துணையர்! மேலும், பழச்சாற்றைக் காய்ச்சிச் சுருக்கி வைத்துக்கொள்ளுமாறு லிண்ட் பரிந்துரைத்தார். காய்ச்சுவதனால் அதன் வீறு குன்றும் என்பதை அவர் அறிந்திலர். அறியும் வழியை, அதாவது காய்ச்சியதையும் காய்ச்சாததையும் ஒப்பிடும் வழியை, ‘சாலிஸ்பரி’யில் அவரே காட்டியிருந்தார். ஒரு முறை சோதித்தவன் எப்போதும் சோதிப்பான் என்பது இல்லை. இவ்வொழுக்கம் நாடோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது.

இனி, ஒப்பிடும் கூட்டங்களைப் பிரிப்பது எங்ஙனம்? நல்லெண்ணமுடைய மருத்துவன்கூடத் தன்னை அறியாமலே வலிய நோயாளரைத் தன் மருந்திற்கும் மெலியரை மற்றதற்கும் ஒதுக்கிவிடுவான். இவ்வோரத்தை ஒழிக்கும் வழி சீட்டுப் போடுதலே. திருமறை பயின்றோர் இதனை நன்கு அறிவர். யோசுவா சீலோவிலே ஏழு கோத்திரத்தார்க்கும் நிலத்தைச் சீட்டுப் போட்டே பங்கிட்டார்; ஒருவர்க்கு நன்செய்யும் மற்றவர்க்குப் பாறையும் தாமே ஒதுக்கினார் என்னும் பழிக்கு அங்கு இடமில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைப் பயின்ற தமிழரும் இதனை அறிவர். முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921-ஆம் ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட அக்கல்வெட்டுகள், ஊர் வாரியத்தார் பெயரை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டு, விவரம் அறியாத சிறுவனைக்கொண்டு எடுப்பித்த முறையை விரித்துரைக்கின்றன. எடுப்பவன் சிறுவனாக இருத்தல் வேண்டும் என்ற விதியில் ஒரு பெரிய உண்மை பொதிந்துள்ளது: அறிந்தவன் கை ஓரம் சாயும், அறியாதவன் கை சாயாது.

பழம் பெருமையாய் இருந்த இவ்வழக்கத்தை விஞ்ஞானத்தின் நடுவிடத்தில் அமர்த்தியவர் ரொனால்டு பிஷர். இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்திற் பணியாற்றிய அவர், எவ்வயலுக்கு எவ்வெருவிடுவதென்பதைச் சீட்டுப் போன்றதொரு தற்செயல் முறையாலேயே தீர்மானிக்க வேண்டும் என்று நிறுவினார். வயலின் ஒரு மூலை வளமுடையதாயின், அவ்வளம் எருவின் கணக்கில் ஏறிவிடாதிருத்தற்கு வேறு வழி இல்லை.

1935-இல் வெளிவந்த தம் நூலில் அவர் ஓர் இனிய எடுத்துக்காட்டைத் தருகின்றார். கிண்ணத்திற் பாலை முதலில் ஊற்றினரா, தேநீரை முதலில் ஊற்றினரா என்பதைச் சுவைத்தே சொல்லிவிடுவேன் என்று ஒரு மாது கூறினாராம். நம்மூரிலாயின் சிலர் நகைப்பர், சிலர் நம்புவர், அவ்வளவோடு பேச்சு முடியும். பிஷர் வகுத்த வழி வேறு. நான்கு கிண்ணம் ஒரு விதமாகவும் நான்கு மற்றொரு விதமாகவும் எட்டுக் கிண்ணங்களை ஆக்கி, தற்செயலாய் அமைந்த வரிசையில் அவர்முன் வைத்தல் வேண்டும். எட்டினின்று நான்கைத் தெரிந்தெடுக்கும் வழிகள் 70. ஆதலின் ஒன்றுமே அறியாதவர் வெறும் ஊகத்தால் முற்றும் சரியாகப் பிரிப்பது 70-இல் ஒரு முறையே நேரும். ஒவ்வொரு விதத்திலும் ஒரு கிண்ணம் தவறிப் பிரிப்பதற்கோ 16 வழிகள் உள, அது வியப்பன்று. எனவே எத்துணைச் சரியாகச் சொன்னால் அவர் கூற்றை ஏற்பது என்பதைக் கிண்ணத்தைத் தொடுமுன்னரே முடிவு செய்தல் வேண்டும். விடையைக் கண்டபின் அளவுகோலை வளைப்பது சோதனையன்று. சுவைப்பவர் எது எதுவென்று அறியாதிருத்தலும் இன்றியமையாதது. அறிந்தால் நாவிற்கு மாறாக மனம் சுவைத்துவிடும்.

ஒப்பிடும் கூட்டம், சீட்டு, அறியாத நடுவர் என்னும் இம்மூன்றும் மனித உயிரின் பொருட்டு ஒருங்கே சேர்ந்த பெருஞ்சோதனை 1948-இல் வெளியாயிற்று. காசநோய்க்கு ஸ்ட்ரெப்டோமைசின் என்னும் புதுமருந்து அமெரிக்காவிற் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. போரால் வறியதாய் இருந்த பிரிட்டனுக்கு மிகச் சிறிதளவே கிட்டிற்று. அந்நாட்டு மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தார் 107 நோயாளரைச் சேர்த்தனர். யாருக்கு மருந்து என்பது ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்பார் தற்செயல் எண்களைக்கொண்டு அமைத்து உறையிலிட்டு மூடிய சீட்டுகளால் முடிவாயிற்று. 55 பேர்க்கு மருந்தும் படுக்கையிளைப்பாறலும், 52 பேர்க்கு இளைப்பாறல் மட்டும். மார்பின் எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராய்ந்தவர்க்கு, எது யார் படம் என்பது சொல்லப்படவில்லை. ஆறு மாதத்தில் மருந்துண்டாருள் மாண்டவர் 4 பேர். மற்றவருள் 14 பேர். மருந்து மெய்ம்மருந்தென்பது ஐயமற விளங்கிற்று. மருந்தை எதிர்க்கும் ஆற்றலைக் கிருமிகள் பெறுகின்றன என்பதும் அச்சோதனையிலேயே வெளிப்பட்டது. அதனாலன்றோ காசநோய்க்கு ஒரு மருந்தைத் தனியே கொடாது பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் வழக்கம் உண்டாயிற்று!

இவ்விடத்து நம் நாட்டு வரலாறு ஒன்று வந்து சேர்கின்றது. காசநோயாளர்க்குத் தூய காற்றும், நல்லுணவும், நெடுநாள் ஓய்வும் தரும் ஆரோக்கிய விடுதியே உய்வு என்பது அக்காலத்து உலகக் கொள்கை. மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரத்தில் மிஷன் சங்கங்கள் பல ஒன்றுகூடி நிறுவிய விடுதியைப் போன்றவை அன்பின் ஆலயங்களாய் விளங்கின. ஆயினும் நோயாளர் தொகை எங்கே, விடுதியின் படுக்கைத் தொகை எங்கே! விடுதியில் இடமற்ற ஏழைக்குக் குடிசையிலேயே மாத்திரையைக் கொடுத்தால் பிழைப்பானா? வீட்டிலுள்ளார்க்கு நோய் பரவிவிடாதா? வாதத்தால் தீராத இவ்வினாக்களைத் தீர்த்தற்கு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956-இற் சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு நிலையத்தை ஏற்படுத்தின. இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்குவது அதுவே.

சென்னை நகரத்து ஏழை நோயாளர் 193 பேர் தற்செயல் முறையால் இரு கூறாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு கூற்றினர் ஓராண்டு விடுதியில் இருந்தனர். மறு கூற்றினர் வீட்டிலேயே இருந்தனர். இரு கூற்றினர்க்கும் மருந்து ஒன்றே. விடுதியில் இருந்தார்க்கு உணவும் ஓய்வும் காற்றும் மேலானவை. வீட்டில் இருந்தார்க்கோ குறைந்த உணவும், நெருங்கிய குடிசையும், ஓயாத உழைப்பும். 1959-இல் வெளியான முடிவு உலகை வியப்பில் ஆழ்த்திற்று. வீட்டிலிருந்து மருந்துண்டாரும் விடுதியில் இருந்தாரோடு ஏறக்குறைய ஒப்பவே குணமாயினர். அவர்தம் வீட்டார்க்கு நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. அன்றுதொட்டு, மருந்து ஒழுங்காகச் செல்லுமாயின் படுக்கை இல்லாத ஏழையும் பிழைக்கலாம் என்ற நம்பிக்கை நாடெங்கும் பரவிற்று. விடுதிகளை மையமாகக் கொண்ட மருத்துவம் வீடுகளை நாடிச் சென்றது. அன்பு கட்டிய விடுதிகளைச் சோதனை இழிவுபடுத்தவில்லை. அவ்வன்பு விடுதியின் சுவர்க்கு வெளியிலும் செல்லும் வழியைக் காட்டிற்று.

இம்முறைமேற் கூறப்படும் தடைகள் மூன்று. ஒன்று, இது கொடுமை என்பது. ஒருவனுக்கு மருந்தைக் கொடுத்து மற்றவனுக்கு மறுப்பது அறமோ என்பர். மருந்து நன்மை செய்யும் என்று முன்னரே உறுதியாயின் மறுப்பது அறமன்று. சோதனைக்கும் அங்கு வேலை இல்லை. உறுதி இல்லாதபோதோ, கொடுப்பதே தீங்காகவும் கூடும். 2020-ஆம் ஆண்டின் பெருநோய்க் காலத்தில் ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் என்னும் மாத்திரையை உலகெங்கும் மக்கள் தேடி ஓடினர். ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தார் நடத்திய சோதனையில் அதனை உண்ட 1,561 பேரும் உண்ணாத 3,155 பேரும் ஒப்பிடப்பட்டனர். 28 நாளில் மாண்டவர் முன்னவருள் நூற்றுக்கு 27. பின்னவருள் நூற்றுக்கு 25. மாத்திரை ஒருவரையும் காக்கவில்லை. அதே சோதனையில் டெக்ஸாமெத்தசோன் என்னும் பழைய, மலிவான மருந்து, செயற்கைச் சுவாசத்தில் இருந்தாருடைய சாவை ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைத்ததும் வெளிப்பட்டது. பரபரப்போடு கொடுத்தது பயனற்றது. பரபரப்பின்றி இருந்தது உயிர் காத்தது. சோதியாது இதனை அறிந்திருத்தல் இயலுமோ?

இரண்டாவது தடை, சோதித்தல் விசுவாசத்திற்குப் பகை என்பது. தானியேலின் ஆகமத்தை ஓதினோர் அவ்வாறு கூறார். ராஜபோஜனத்தை மறுத்த தானியேலும் அவர்தம் தோழர் மூவரும், தமக்குப் பத்து நாள் காய்கறியும் நீரும் கொடுத்து, பின் ராஜபோஜனம் உண்ட வாலிபரோடு தம்மை ஒப்பிட்டுப் பார்க்குமாறு விசாரணைக்காரனை வேண்டினர். நாளின் அளவு முன்னரே கூறப்பட்டது. ஒப்பிடும் கூட்டம் உண்டு. தீர்ப்புச் சொல்பவன் வேறொருவன். நால்வரே ஆதலின் தொகை சிறிது, சீட்டும் இல்லை, பார்ப்பவன் யார் எதை உண்டார் என்பதை அறிவான் என்று இக்காலத்தார் குறை கூறலாம். திருமறை சோதனைச்சாலை நூல் அன்று. ஆயினும், தேவனை நம்பிய அவ்விளைஞர், பிறரை நம்புமாறு வற்புறுத்தாது பார்த்தறியுமாறு அழைத்தனர் என்பது நம் கருத்திற்குரியது. மெய்யை நம்புவோன் சோதனைக்கு அஞ்சான்.

மூன்றாவது தடை எம்போன்ற தமிழ் மாணவரிடமிருந்தே எழுவது. கவிதையைத் தராசில் நிறுக்கலாமோ என்பர். நிறுக்க வேண்டா. ஆனால் ஒரு புலவர் காலத்தைப் பற்றி ஒரு கொள்கையை முதலிற் கொண்டு, அதற்கு இயைந்த வரிகளை மட்டும் திரட்டி, இயையாதவற்றை இடைச்செருகல் என்று தள்ளிவிடும் ஆராய்ச்சியை நாம் கண்டதில்லையோ? ‘எச்சான்று கிடைத்தால் என் கொள்கையைக் கைவிடுவேன்’ என்று முதற்பக்கத்திலேயே எழுதிவைத்துத் தொடங்கும் கட்டுரை எத்தனை? கருதுகோளுக்கு மாறான சான்றைத் தேடிச் செல்வதே விஞ்ஞான முறை என்றால், ஏடுகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியர்க்கு அது மிக வேண்டியது. இலக்கியம் சுவைக்குரியது, இலக்கிய வரலாறோ சான்றிற்குரியது. இரண்டையும் மயக்குதல் ஆகாது.

ஆதலின் எம் வேண்டுகோள் இது. முதலாண்டிலேயே கலைப்பிரிவு மாணவர் ஒவ்வொரு வகுப்பினரும் ஒரு சோதனையை நடத்துக. அதற்குப் பொன்னும் பொருளும் வேண்டா. சான்றாக, நூற்பாக்களை வாய்விட்டு ஓதினால் மனத்தில் நன்கு தங்கும் என்பர் ஒரு சாரார். எழுதிப் பார்த்தால் தங்கும் என்பர் மற்றொரு சாரார். நாற்பது மாணவர் உள்ள வகுப்பில், பெயரெழுதிய நாற்பது சீட்டுகளைக் குடத்திலிட்டு எடுத்து இருபதின்மராகப் பிரித்துக்கொள்க. விரும்பியவர் விரும்பிய கூட்டத்திற் சேரலாம் என்று விட்டால், முயற்சியுடையார் ஒரு பக்கம் சாய்ந்து விடையைக் கெடுத்துவிடுவர். எவரும் முன்பு படியாத பத்து நூற்பாக்களை இரு கூட்டத்திற்கும் ஒரே நாளில், ஒரே நாழிகையில், அரைமணி நேரம் கொடுக்க. ஒரு கூட்டம் ஓதுக, மற்றது எழுதுக. ஒரு வாரங் கழித்து முன்னறிவிப்பின்றித் தேர்வு நடத்துக. விடைத்தாளிற் பெயரெழுதாது எண்ணை மட்டும் எழுதுக. திருத்துபவர் யார் எக்கூட்டத்தார் என்பதை அறியாதிருப்பாராக. எத்தனை சொற்கள் பிழையின்றி வந்தன என்பதே அளவு என்று முன்னரே குறித்துவைக்க. இறுதியில், வேற்றுமை பெரிதாயினும் சிறிதாயினும், ஒன்றுமே இல்லையாயினும், வந்ததை வந்தவாறே இம்மலரில் வெளியிடுக. வேற்றுமை இல்லையென்று அறிவதும் அறிவே. ஒரு சோதனையால் முடிவு கட்டிவிடாது, அடுத்த ஆண்டு மாணவர் அதனைத் திரும்பச் செய்து பார்ப்பாராக.

இவ்வாறு ஒரு முறையேனும் செய்து பார்த்தவன், பின்னர்ச் செய்தித்தாளில் வரும் விளம்பரத்தையும், கைப்பேசி வழியே நாடோறும் வந்து குவியும் மருத்துவக் குறிப்புகளையும் வேறு கண்ணாற் பார்ப்பான். இதனை உண்டு ஒருவர் குணமானார் என்று கேட்டவுடனே, உண்ணாதார் எத்துணையர் குணமாயினர், யார் பிரித்தார், யார் எண்ணினார் என்று வினவுவான். அவ்வினா ஏமாற்றுவோர்க்குக் கசக்கும். ஏமாறக் காத்திருந்த ஏழைத் தாயொருத்தியின் கைப்பொருளையும், சில வேளை அவள் மகவின் உயிரையும் காக்கும். படித்தவர் வீட்டில் உள்ளவரே படியாத உற்றார்க்கு ஆலோசனை கூறுபவராதலின், அப்பொறுப்பு நம்மைச் சார்ந்தது.

விஞ்ஞான முறை நமக்கு அன்பைக் கற்பிக்காது. எதை விரும்ப வேண்டும் என்று சொல்லாது. அவை வேறிடத்திற் கற்க வேண்டியவை; இக்கல்லூரியின் நிறுவனர் அவற்றைக் கற்பிக்கவே கடல் கடந்து வந்தனர். ஆயினும் அன்பு மட்டும் உடையவன், கழுவாத கையோடு தாயின் படுக்கையண்டை வந்து நிற்கவுங் கூடும். வியன்னாவில் நின்றவர் யாவரும் கொடியவர் அல்லர். தம்மைச் சோதித்துப் பாராத நல்லவர். நல்லெண்ணத்தோடு சோதித்தறியும் நேர்மையும் சேர்தல் வேண்டும். அச்சேர்க்கையைத் தரும் கல்வியே முழுமையான கல்வி. மாணவத் தோழர்காள், அதனை விஞ்ஞான வகுப்பினரிடம் விட்டுவிடாது நாமும் கைக்கொள்வோமாக.